ஓடுகிற காலும் மேடை நாற்காலியும்

எங்கள் ஊரில் கல்லூரி விளையாட்டை வீடியோ எடுக்கும் தொழில் கல்யாண மண்டபத்திலிருந்து மைதானத்துக்கு வந்தது. வந்தபோது கல்யாணத்தின் குணத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. மேடையில் யார் யார், மாலை யாருக்கு, பொன்னாடை யாருக்கு, யார் முகம் விட்டுப்போனால் சண்டை வரும், இதெல்லாம் கேமராக்காரனுக்கு அத்துப்படி. ஓடுகிற பையனின் முகம் விட்டுப்போனால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பாளையங்கோட்டையில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த வேலையில் கிடந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: 1980களின் கடைசியிலிருந்து அடுத்த பதினைந்து இருபது வருடங்களுக்கு இந்தப் பக்கத்து விளையாட்டு விழாக்களில் நாங்கள் பதிவு செய்தது பெரும்பாலும் சிறப்பு விருந்தினர்களின் வரலாறு. ஆட்டக்காரர்களின் வரலாறு அதன் ஓரத்தில், ஃபோகஸ் இல்லாமல் கிடக்கிறது.

வீடியோவுக்கு முன்னால் இருந்தது குரூப் போட்டோ. பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி 1878இல் தொடங்கியது. தூய சவேரியார் கல்லூரி 1923இல். பெண்களுக்குச் சாராள் தக்கர் இருந்தது. தாமிரபரணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி. மிஷனரிமார் பாடப்புத்தகத்தோடு மைதானத்தையும் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் வருடாந்தர ஸ்போர்ட்ஸ் டே: அணிவகுப்பு, ஜோதி ஓட்டம், உறுதிமொழி, மூன்று படி வைத்த வெற்றி மேடை. எல்லாம் முடிந்த பிறகு ஸ்டூடியோக்காரர் ஸ்டாண்டு கேமராவோடு வருவார். பெஞ்சில் ஒரு வரிசை, பின்னால் நின்று ஒரு வரிசை, தரையில் சம்மணம் போட்டு இரண்டு பேர், நடுவில் முதல்வரும் உடற்கல்வி இயக்குநரும், காலடியில் ஷீல்டும் வருடம் எழுதிய சிலேட்டும். பழைய கல்லூரிகளின் விளையாட்டு அறைச் சுவரில் அந்தப் படங்களை இன்றைக்கும் பார்க்கலாம். எல்லோரும் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் ஓடமாட்டார்கள்.

ஓடுவதை ஓடுகிறபடியே பிடிக்கும் ஆசை அமெரிக்காவில் ஒரு குதிரையிடமிருந்து தொடங்கியது. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் லேலண்ட் ஸ்டான்போர்ட் என்ற பணக்காரரின் ஓட்டப் பாதையோரம் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, பாய்ந்து ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு நொடித் துணுக்கில் தரையை விட்டு எழும்புவதைக் காட்டினார். அந்த ஸ்டான்போர்ட்தான் பிறகு தன் மகன் பெயரில் பல்கலைக்கழகம் கட்டியவர். மைபிரிட்ஜ் அதோடு நிற்கவில்லை. 1884 முதல் 1886 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, மாணவ வீரர்களை ஓடவும் தாண்டவும் எறியவும் வைத்து வரிசை வரிசையாகப் படம் எடுத்தார். 1887இல் அவை 781 தட்டுகளாக வெளிவந்தன. கல்லூரி விளையாட்டுக்குக் கேமரா பிடித்த முதல் ஆள் யார் என்று கேட்டால் என் ஓட்டு அவருக்குத்தான். ஒரு சிறப்பு விருந்தினரைக்கூட அவர் எடுக்கவில்லை.

பிறகு அங்கே அமெரிக்க ஃபுட்பால் கோச்சுகள் கேமராவைப் பிடித்துக்கொண்டார்கள். சிட் கில்மன் என்று ஒருவர்; மினியாபொலிஸில் குடும்பத்தார் சினிமா தியேட்டர் நடத்தினார்கள், அங்கே ஓடிய நியூஸ் ரீல்களில் ஆட்டம் வரும் துண்டுகளை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தே பெரிய கோச்சானவர். எங்கள் டவுனிலும் தியேட்டருக்குக் குறைவில்லை, படத்துக்கு முன்னால் நியூஸ் ரீலும் ஓடியது. அதை வெட்டி வைத்துக்கொள்ளும் யோசனை இங்கே ஒருவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த வழக்கம் முற்றி, கடைசியில் ‘வீடியோ டைரக்டர்’ என்று மாதச் சம்பள வேலையே வந்துவிட்டது. பயிற்சியை உயரத்திலிருந்து எடுப்பது, ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வகைப்படுத்துவது, விடிவதற்குள் கோச் மேசையில் வைப்பது, எதிரணிக்கு நம் பதிவைக் கொடுத்து அவர்களுடையதை வாங்குவது. பார்ப்பதற்கென்று ஒருவர் இருந்ததால்தான் எடுப்பதற்கென்று ஒருவர் இருந்தார்.

இங்கே கதை வேறு. 1982 ஆசிய விளையாட்டை ஒட்டித் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது என்று பேப்பரில் படித்தோம். எங்கள் பக்கத்து மொட்டை மாடிகளில் உயரக் கம்பம் நட்டு ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பியவர்களுக்கு அதே வருடம் தொடங்கிய ரூபவாஹினிதான் கிடைத்தது. அப்புறம் வி.சி.ஆர். என்கிற டெக் வந்தது. ராத்திரி வாடகைக்கு டெக்கும் கலர் டிவியும் எடுத்து, தெருவே கூடி மூன்று படம் பார்த்த காலம். மேலப்பாளையத்துக்கும் கடையநல்லூருக்கும் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் டேப் ரிகார்டரோடு கேமராவையும் கொண்டுவந்தார்கள். நேஷனல் பானசோனிக் எம்-7 எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது நான் லைட் பாய். தோளில் வைத்தால் ஒரு பக்கம் உடம்பு சாயும். முழு வி.ஹெச்.எஸ். கேசட் உள்ளே போகும். அதுக்குத் தனியாகச் செங்கல் கனத்தில் பேட்டரி. முகூர்த்தத்துக்கு ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிப்பதுதான் என் முதல் உத்தியோகம்.

கல்யாணமில்லாத நாட்களில் முதலாளிக்குக் கேமரா சும்மா கிடப்பது பொறுக்காது. மாசிக்குள் கல்லூரி ஆண்டு விழாக்களும் விளையாட்டு விழாக்களும் வரும். ‘வீடியோ கவரேஜ்’ என்று கொட்டேஷன் கொடுத்து வாங்கிவிடுவார். வேலையும் கல்யாணக் கணக்குப்படியே நடந்தது. காரிலிருந்து விருந்தினர் இறங்குவது, பேண்டு வாத்தியம், கொடியேற்றம், புறா பறப்பது, அணிவகுப்பு மரியாதை, வரவேற்புரை. 100 மீட்டர் ஓட்டம் 11, 12 நொடியில் முடிந்துவிடும். தலைமையுரை முக்கால் மணி நேரம். 180 நிமிட கேசட்டில் எது எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு மிக்ஸிங். ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்கு ஏற்றும்போது பூ விரிகிற மாதிரி, புத்தகம் புரள்கிற மாதிரி எஃபெக்ட் போட்டு, உயரம் தாண்டுகிறவன் தலைக்கு மேலே இதயம் ஒன்று சுழலும்படி செய்து, பின்னணியில் அந்த வருடத்து ஹிட் பாட்டை ஓட்டிக் கொடுப்போம். துப்பாக்கிச் சத்தம், கைத்தட்டல், மைக்கில் அறிவித்த பெயர்கள் எல்லாம் அந்தப் பாட்டுக்குள் முங்கிப் போகும். யாரும் குறை சொன்னதில்லை. முதல்வர் வீட்டில் ஒரு தடவை பார்ப்பார்கள், அப்புறம் பீரோவுக்குள் போய்விடும்.

இந்த வழக்கத்தை எனக்கு முதலில் கெடுத்தவர் ஒரு உடற்கல்வி இயக்குநர். பையன்களுக்கு அவர் பி.டி. சார். சென்னை நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்று வந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு போனவர். அந்த வழியில் பார்த்தால் எங்கள் சாரும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்தான். நான் தனியாகக் கேமரா தூக்க ஆரம்பித்த புதிது. மேடைப் பக்கம் லென்சைத் திருப்பி வைத்திருந்தவனிடம் வந்தார்.

“தம்பி, அங்க என்னத்தடே எடுக்க?”

“சீஃப் கெஸ்ட் சார்.”

“அவரு அங்கனயேதான் இருப்பாரு, எங்கயும் ஓடிர மாட்டாரு. நீ இங்க வா. ரிலே போடப்போறேன். மூஞ்சிய விட்டுரு. கையையும் காலையும் மட்டும் எடு.”

4x100 மீட்டர் ரிலேயில் கட்டை கை மாறும் இடம் அப்போது 20 மீட்டர். அதற்கு முன்னால் வேகம் எடுக்க 10 மீட்டர் தனியாக உண்டு. (2017இல் விதியை மாற்றி இரண்டையும் சேர்த்து 30 மீட்டர் ஆக்கிவிட்டார்கள்.) கட்டையை வாங்குகிறவன் எந்த அடையாளத்தில் ஓடத் தொடங்குகிறான், கொடுக்கிறவன் கை நீளும்போது வாங்குகிறவன் கை எங்கே இருக்கிறது, அந்த நேரத்தில் இரண்டு பேரும் வேகம் குறைக்கிறார்களா என்பதுதான் சாருக்கு வேண்டும். அன்று சாயங்காலம் அவர் வீட்டு டெக்கில் போட்டோம். பையன்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நல்ல டெக்கில் பாஸ் போட்டால் படம் கோடு விழாமல் நிற்கும். சாதா டெக்கில் குறுக்கே பனி ஓடும். சார் வீட்டில் இருந்தது சாதா டெக். பாஸில் ஐந்து நிமிடம் போல விட்டால் அதுவே விட்டுவிடும், ஒரே இடத்தில் ஹெட் சுற்றி நாடா தேயக் கூடாது என்று. அந்த ஐந்து நிமிடத்துக்குள் சார் திரையில் விரல் வைத்துப் பாடம் நடத்துவார். மூன்றாவது ஓட்டக்காரன் ஒவ்வொரு தடவையும் கை நீட்டுவதற்கு முன்னால் தலையைத் திருப்புகிறான். அவனிடம் அதை வருடம் முழுக்க வாயால் சொல்லியிருக்கிறார். அவன் இல்லை என்றே சாதித்திருக்கிறான். கேசட்டைப் பார்த்ததும் அவனே சிரித்துவிட்டான். அடுத்த வாரம் திருப்பவில்லை.

நம் ஊர் வீடியோ நொடிக்கு 25 படம். நொடிக்கு 10 மீட்டர் போகிற ஓட்டக்காரன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 40 சென்டிமீட்டர் போய்விடுவான். ஆகவே முடிவுக் கோட்டில் யார் முந்தி என்று எங்கள் கேசட்டை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடி, ருமேனியாவின் கொஜோகாரு 55.41. வெண்கலம் போனது நூற்றில் ஒரு பங்கு நொடியில். எங்கள் கேமராவின் ஒரு படத்துக்குள் அந்த மாதிரி நாலு பங்கு அடங்கும். இதைப் பல பெற்றோருக்கும் அணித் தலைவருக்கும் விளக்கியிருக்கிறேன். ஒருவரும் சமாதானமாகப் போனதில்லை. முடிவுக் கோட்டுக்கு வேண்டிய கேமரா வேறு ஜாதி. கோட்டை மட்டும் ஒரு கீற்றாகப் பார்த்துக்கொண்டே இருப்பது. எங்கள் பக்கத்துக் கல்லூரி மீட்டில் அந்தக் காலத்தில் அது கிடையாது. படிக்கட்டு மாதிரி அடித்த ஸ்டாண்டில் ஜட்ஜுகள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக உட்கார்ந்து கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் முடிவு.

ஒரு தடவை கேசட்டை வைத்தே ஒரு வழக்கு எழுந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான மீட். 100 மீட்டர் இறுதி ஓட்டத்தை முடிவுக் கோட்டுப் பக்கமிருந்து ஜூம் போட்டு நேராக எடுத்திருந்தேன். ஜெயித்தவன் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டான் என்று தோற்ற கல்லூரிப் பையன்கள் என்னிடம் வந்து, ரீவைண்டு செய்து பார்த்து, கூட்டம் கூட்டிவிட்டார்கள். கேசட்டில் அப்படித்தான் தெரிந்தது. அவன் எழும்புகிறான், அதற்கப்புறம் ‘டப்’ என்று சத்தம் கேட்கிறது. நம்ம சார் வந்து ஒரு தடவை பார்த்தார். “லே, சத்தத்தக் கேக்காதிய, புகையப் பாருங்க” என்றார்.

மின்னல் முந்தி, இடி பிந்தி. துப்பாக்கி வெடித்த இடம் எனக்கு 100 மீட்டர் தள்ளி. சத்தம் நொடிக்கு 340 மீட்டர் சுமாருக்குத்தான் போகும்; என் கேமரா மைக்கை எட்ட நொடியில் பத்தில் மூன்று பங்கு ஆகிவிடும். கணக்குப் போட்டால் ஏழு படம். கேசட்டை ஒவ்வொரு படமாக நகர்த்தினோம். முதலில் ஸ்டார்ட்டர் கையில் புகை. நாலு படம் கழித்து அந்தப் பையன் அசைகிறான். மற்றவர்கள் ஐந்தாவது, ஆறாவது படத்தில். ஏழாவதில் சத்தம். ஒழுங்காகத்தான் கிளம்பியிருக்கிறான், மற்றவர்களைவிடக் காது சுறுசுறுப்பு, அவ்வளவுதான். கைக் கடிகாரத்தில் நேரம் பிடிக்கிறவர்கள் சத்தத்துக்கு அழுத்தாமல் புகைக்கு அழுத்த வேண்டும் என்று விதி இருப்பதும் இதனால்தான். அதற்கப்புறம் எந்த ஸ்போர்ட்ஸ் டே வேலைக்குப் போனாலும் ஓட்டத்தின்மேல் சினிமாப் பாட்டு ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கல்லூரிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது எங்கள் தொழிலுக்குப் பெரிய திருப்பம். அதுவரை நெல்லைச் சீமைக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. பெரிய போட்டி என்றால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும், படம் எடுப்பதும் மதுரைக்காரர்கள் பாடு. புதுப் பல்கலைக்கழகம் வந்ததும் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கல்லூரிகளின் போட்டிகள் இங்கேயே நடக்கத் தொடங்கின. திருச்செந்தூரில் சிவந்தி ஆதித்தனார் பெயரில் உடற்கல்விக் கல்லூரி வேறு. இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு 1987 முதல் 1996 வரை தலைவராக இருந்தவர் சிவந்தி ஆதித்தன். தலைவரே நம்ம ஊர்க்காரர் என்று பேசிக்கொள்வோம்.

கபடிதான் உண்மையில் கேசட்டை ஆட்டத்துக்காகக் கேட்ட முதல் விளையாட்டு. 1990 பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டுக்குள் நுழைந்தது. கபடி ஆடினால் ரயில்வேயிலும் போலீசிலும் வேலை என்கிற நம்பிக்கை ஊர்ப்பக்கம் பலப்பட்டது. கல்லூரிக்கு ஆடுகிற பையன்தான் ஊர் அணிக்கும் ஆடுவான். ராத்திரி டியூப் லைட் வரிசையில் நடக்கும் மின்னொளி கபடிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். விடிந்ததும் தோற்ற அணியின் ஆள் ஸ்டூடியோ வாசலில் நிற்பான்: “அண்ணாச்சி, அந்தப் பயலுவ பாடுறத மட்டும் ஒரு காப்பி போட்டுத் தாங்க.” கபடிக்கு நான் பக்கவாட்டில் நிற்பதில்லை. பின்கோட்டுக்குப் பின்னால், உயரத்தில். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் லைன். பாடி வருகிறவன் எந்தக் காலை ஊன்றி எந்தக் காலை நீட்டுகிறான் என்பது அங்கேயிருந்துதான் தெரியும். அமெரிக்கக் கல்லூரிகள் எதிரணியோடு பதிவை மாற்றிக்கொள்ளும் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். எங்கள் ஆட்கள் அதை ஒரு காலி கேசட்டுக்கு ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள்.

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் எங்கள் பக்கத்து மண். அவர் வாழ்க்கையிலிருந்து தூண்டல் பெற்று மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025இல் வந்தபோது, “அந்தக் காலத்துக் கபடி கேசட் ஏதும் வச்சிருக்கியளா?” என்று கேட்டுப் பலர் வந்தார்கள். தேடிப் பார்த்தேன். 90களின் கேசட்டுகளில் கோப்பை வழங்கும் காட்சிகள் நிறைய இருக்கின்றன. ஆட்டம் துண்டு துண்டாக இருக்கிறது. சில கேசட்டில் மூன்று ரெய்டு, சிலதில் அதுவும் இல்லை. விழாக் கமிட்டி காசு கொடுத்தது கோப்பை வழங்குவதற்குத்தான்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆற்றுப் படுகையில் விளையாடுகிற பையனும் பெண்ணும் பெரும்பாலும் வேலைக்காக விளையாடுகிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், அப்புறம் வேலை. அதற்குத் தேவை சான்றிதழ். நான் எவ்வளவு அழகாக எடுத்தாலும் ஒரு கேசட்டை எந்த இன்டர்வியூவிலும் வாங்கிப் பார்க்கப் போவதில்லை. லேமினேட் பண்ணிய காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

உயரம் எப்போதும் தொல்லை. ஹாக்கியும் ஃபுட்பாலும் தரையிலிருந்து எடுத்தால் ஆட்டம் புரியாது; எல்லாம் முதுகாகத் தெரியும். மைக்செட் வேன் கூரை, தண்ணீர்த் தொட்டி, ஹாஸ்டல் மொட்டை மாடி, பந்தல்காரர் கட்டிய சாரம் என்று எங்கே எல்லாமோ ஏறியிருக்கிறேன். கோவில்பட்டி ஹாக்கிக்குப் போகும்போது முதலில் பார்ப்பது எங்கே ஏறலாம் என்பதைத்தான். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேலின் ஊர் அது. ஹாக்கி பார்க்கத் தெரிந்த கூட்டம், கேமரா தப்பான பக்கம் திரும்பினால் கீழேயிருந்தே சத்தம் போடுவார்கள். ஆனால் ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சாரத்தில் நிற்பவனைச் சும்மா விடாது. 2010 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் பயிற்சியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த 20 வயது மாணவர், நின்றிருந்த லிஃப்ட் மேடை பலத்த காற்றில் சாய்ந்து விழுந்து இறந்துபோனார். அவ்வளவு பணமும் வசதியும் உள்ள இடத்தில். அந்தச் செய்தியைப் படித்த பிறகு காற்று அடிக்கும் நாளில் என் உதவியாளப் பையனைச் சாரத்தில் ஏற்றுவதில்லை. படம் முதுகாகவே தெரியட்டும்.

2000க்குப் பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடந்தது. கேசட் தீப்பெட்டி அளவு மினி டி.வி. (Mini DV) கேசட் ஆனது, அப்புறம் மெமரி கார்டு ஆனது, மிக்ஸர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. சென்னையில் எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 2003 வாக்கில் இந்திய கிரிக்கெட் அணியோடு சேர்ந்து ஒவ்வொரு பந்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பிரித்துக் காட்டினார். 2006இல் அமெரிக்காவின் லிங்கன் நகரில் ஹட்ல் என்ற கம்பெனி அதே வேலையை இணையத்தில் செய்யும் வழி கண்டது. கேசட் மாற்றிக்கொள்ளும் தொல்லை அங்கே தீர்ந்தது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தாழையூத்துப் பக்கம் சங்கர்நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்துக்கு வந்தபோது, நேரடி ஒளிபரப்புக்கான ஓ.பி. வேன் என்றால் என்ன என்று எங்கள் தொழில்காரர்கள் பலர் நேரில் கண்டோம். பத்துப் பதினைந்து கேமராவில் ஒன்றுகூட மேடையைப் பார்த்து நிற்கவில்லை. அந்த வருடம் கோப்பை தூத்துக்குடி அணிக்குப் போனதில் ஊருக்குச் சந்தோஷம். எனக்கு அந்தக் கேமராக்கள் நின்ற திசையில் சந்தோஷம்.

இப்போது கபடியை யூடியூபில் நேரலையாக விடுகிறார்கள். இருபது வயதுப் பையன்கள், இரண்டு கேமரா, ஒரு லேப்டாப், ஸ்கோர் போர்டு திரையில் ஓரமாக ஓடும். துபாயில் இருக்கிற அண்ணன் அங்கேயிருந்தே “அந்தப் பிடிய மறுபடியும் போடு” என்று கமெண்ட் எழுதுகிறான். நன்றாகவே செய்கிறார்கள், பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் கல்லூரிகளைப் பார்த்தால் பழைய கதைதான் ட்ரோனில் ஏறியிருக்கிறது. மைதானத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, நேராக மேடைக்கு வந்து இறங்கும். ஒரு நிமிட ரீலில் சிறப்பு விருந்தினர் மூன்று தடவை வருகிறார். ஜெயித்த பெண்ணின் பெயர் கீழே எழுதப்பட்டிருக்காது. காசு கொடுக்கிறவர் கையில்தான் லென்ஸ் இருக்கிறது என்பது எம்-7 காலத்திலும் உண்மை, இன்றைக்கும் உண்மை. பி.டி. சாரிடம் ஒரு சின்னக் கேமராவும், கல்லூரியிலேயே படிக்கிற ஒரு மாணவனோ மாணவியோ அதைப் பிடிக்கவும் இருந்தால் போதும். ரீல் எடுப்பவர் மேடையை எடுக்கட்டும், அது அவர் பாடு.

பழைய கேசட்டுகளின் கதி இன்னும் மோசம். 1992 நவம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் தாமிரபரணி ஓரத்து வீடுகளில் போனது போக, மிச்சம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் ஏறியது. என் தொழில்காரர் ஒருவர் இரண்டு மூட்டை கேசட்டைச் சேறோடு குப்பை வண்டியில் போட்டதைப் பார்த்தேன். அதற்கு முன்னாலேயே நிறையக் கேசட் வயலுக்குப் போய்விட்டது. பிசானத்தில் கதிர் முற்றும் நேரம் குருவி விரட்ட நாடாவை உருவி வரப்புக்கு வரப்பு கட்டுவார்கள். காற்றில் அதிர்ந்து ரீங்காரம் போடும், வெயிலில் மின்னும். கட்டியவர் மேல் தப்பில்லை, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. விற்றவர்கள்தான் லேபிளைப் படித்திருக்கலாம்.

2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது, அதோடு உலகத்தில் புது டெக் இல்லை. ஓடுகிற பழைய டெக்கும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் இங்கே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். ஆகவே உடற்கல்வி அறைச் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரோவில் ‘ஸ்போர்ட்ஸ் டே’ என்று எழுதிய கேசட் இருந்தால் எடுத்த எடுப்பில் டெக்கில் போடாதீர்கள். மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் அது பூஞ்சை, டெக்கையும் கெடுக்கும், முதலில் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஈரம் பட்டதை வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மேடைப் பேச்சை வெட்டிவிட வேண்டாம். அதில் வருடமும் கல்லூரிப் பெயரும் கிடைக்கும். ஓடுகிறவர்கள் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு அந்தப் படத்தை அனுப்பி, பாதை எண்ணுக்கு நேரே பெயரை எழுதி வாங்குங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. இந்த வருடமே கேளுங்கள்.